பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலேயே மாரடைப்பு வருமா?

வைகைக்கரை | ஜனவரி 8, இரவு 10.40

எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது. மாரடைப்பு வந்தால் ஆண்களுக்கு நெஞ்சு வலிக்குமாம், பெண்களுக்கு வலிக்காதாம், தாடையும் முதுகும்தான் வலிக்குமாம். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. கொஞ்ச நாளாக மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் நடு முதுகில் எரிகிறது, மூச்சு வாங்குகிறது என்கிறார். கீழே வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. நெஞ்சு வலி இல்லை. வாயு என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறார். அந்தத் தகவல் உண்மையா? நான் பயப்பட வேண்டுமா?

பழைய செவிலி | ஜனவரி 8, இரவு 11.20

அந்தத் தகவலை நாளைக்குப் பேசலாம் தம்பி. இப்போது அம்மாவைப் பற்றி மட்டும்.

மாடி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எந்த இடத்தில் எரிகிறது என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். நாளைக் காலையில் முதல் வேலையாக ஈசிஜி எடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். இதய மருத்துவரிடமே காட்ட முடிந்தால் இன்னும் நல்லது. இன்றிரவே சும்மா படுத்திருக்கும்போது வந்து ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால், அல்லது கூடவே வியர்த்தால், வாந்தி வந்தால், தலை சுற்றினால், காலைக்குக் காத்திருக்கக் கூடாது. 108 கூப்பிடுங்கள். உங்கள் இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

பழைய செவிலி | ஜனவரி 9, காலை 6.10

இப்போது அந்தத் தகவல். பாதி தவறு. அந்தப் பாதி ஆளைக் கொல்லக்கூடியது.

மாரடைப்பில் பெண்களுக்கும் அதிகம் வருவது நெஞ்சில்தான். அமெரிக்காவில் 18 முதல் 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த 2009 பெண்களையும் 976 ஆண்களையும் விசாரித்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. விர்கோ என்று அதற்குப் பெயர். நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம் ஏதோ ஒன்று இருந்ததாகச் சொன்னவர்கள் பெண்களில் 87 சதவீதம், ஆண்களில் 89.5 சதவீதம். பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பெண்களுக்கு நெஞ்சோடு சேர்ந்து வேறு தொல்லைகளும் கூடுதலாக இருந்தன: வயிற்றைப் புரட்டுவது, மூச்சு வாங்குவது, தாடை, கழுத்து, கை, முதுகில் பரவுவது. கூடுதலாக மூன்றோ அதற்கு மேலோ சொன்னவர்கள் பெண்களில் 62 சதவீதம், ஆண்களில் 55 சதவீதம்.

என்னை உலுக்கிய எண் அதே ஆய்வில் வேறொன்று. மாரடைப்புக்கு முன்னாலேயே இந்தத் தொல்லைகளுக்காக மருத்துவரைப் பார்த்திருந்தவர்களிடம் கேட்டபோது, "இது இதயம் இல்லை என்று நினைத்து அனுப்பிவிட்டார்கள்" என்றவர்கள் பெண்களில் 53 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம். பெண்ணின் உடம்பு வேறு மாதிரி பேசுகிறது என்பதைவிட, அவள் பேசினால் கேட்கிறவர் வேறு மாதிரி கேட்கிறார் என்பதுதான் என் அனுபவத்திலும் பெரிய பிரச்சினை. அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் நின்றவள் நான். நாற்பத்தைந்து வயது ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஈசிஜி இயந்திரம் தானாக ஓடி வரும். அதே வயதுப் பெண் வந்தால் "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்ற கேள்வி முதலில் வரும்.

பழைய செவிலி | ஜனவரி 9, காலை 9.35

ஊதாப்பூ கேட்டிருக்கிறார்: "பெண்களுக்கு ஒரு மாதம் முன்னாலேயே களைப்பாக இருக்கும், தூக்கம் கெடும் என்று படித்தேனே, அதுவும் பொய்யா?"

பொய் இல்லை. அது 2003-இல் ஜீன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்டது. மாரடைப்பிலிருந்து பிழைத்த 515 பெண்களிடம் கேட்டார்கள். வழக்கத்துக்கு மாறான களைப்பு இருந்ததாக 70 சதவீதம் பேர் சொன்னார்கள், தூக்கம் கெட்டதாக 48 சதவீதம், மூச்சு வாங்கியதாக 42 சதவீதம். மாரடைப்பின்போது நெஞ்சில் ஒன்றுமே தெரியவில்லை என்றவர்கள் 43 சதவீதம். அந்தக் குழுத் தகவலின் பூர்வீகம் பெரும்பாலும் இந்த ஆய்வாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இது பிழைத்தவர்கள் பிற்பாடு நினைவுபடுத்திச் சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க ஆண்கள் அதில் இல்லை. தவிர, களைப்பாக இல்லாத பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் சொல்லுங்கள். ஆகவே களைப்பு என்றதும் இதயம் என்று ஓட வேண்டாம். போன மாதம் செய்த அதே வேலையை இந்த மாதம் செய்ய முடியவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து நடந்தவள், இப்போது பாதி வழியில் இறக்கி வைக்கிறாள். பூக்கட்டுகிறவள் ஒரு முழம் முடித்ததும் படுக்கிறாள். காரணம் இரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். எதுவானாலும் பார்த்தே ஆக வேண்டும்.

பழைய செவிலி | ஜனவரி 9, இரவு 9.50

காலையில் 87 சதவீதம் என்று எழுதினேன், பிறகு 43 சதவீதம் பேருக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை என்றும் எழுதினேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று மலைக்கோட்டை அண்ணன் கேட்பது நியாயம். முதல் ஆய்வு 55 வயதுக்குள். இரண்டாவதில் மூத்த பெண்களும் உண்டு. வயது ஏற ஏற நெஞ்சுவலி இல்லாமல் வரும் மாரடைப்பு கூடுகிறது, ஆண்களிலும் கூடுகிறது. அது ஒரு காரணம். கேட்கிற விதம் இன்னொரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

என் சித்தி கதையைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு மேல்வயிறு பிசைந்தது, ரவிக்கை முதுகெல்லாம் நனைந்துவிட்டது, இரண்டு தடவை வாந்தி. அக்கம்பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார். அல்சருக்கு ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. மாலையில் நான் போய்ப் பார்த்தபோது ஆள் சாம்பல் பூத்திருந்தார், கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. "நெஞ்சு எப்படி இருக்கு சித்தி?" என்று கேட்டேன். "வலியெல்லாம் இல்லடி. அம்மிக்கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு. அந்தப் பக்கத்து மாரடைப்பு மேல்வயிற்று நோவும் வாந்தியுமாக வருவது ரொம்பச் சாதாரணம், நாடித் துடிப்பும் குறையும். சித்தி பிழைத்தார். ஆனால் போன தசை போனதுதான். அதற்குப் பிறகு கோயில் பிரகாரம் ஒரு சுற்று சுற்றினாலே மூச்சு வாங்கியது.

அதிலிருந்து நான் யாரிடமும் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. பாரமா, அடைக்கிறதா, இறுக்குகிறதா, எரிகிறதா, பிசைகிறதா, மூச்சு முழுசாக இழுக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். இரண்டு பிரசவம் பார்த்தவளுக்கு இதெல்லாம் வலிக் கணக்கிலேயே வராது.

பழைய செவிலி | ஜனவரி 10, காலை 7.00

ஆண்களை விட்டுவிட்டேன் என்று புகார் வந்திருக்கிறது. அவர்களுக்கும் சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடாலென்று விழுவதாக வருவது குறைவு.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குச் சின்ன ஏற்றம். நடுவில் நின்று சுவரொட்டிகளைப் படிப்பார். அரசியல் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா, எதையும் விடமாட்டார். வாசிப்புப் பழக்கம் என்று ஊரே நினைத்தது. ஒருநாள் நான் கூடவே நடந்தேன். நின்ற இடத்தில் பேச்சும் நின்றது, கை மட்டும் நெஞ்சுக் குழியைத் தடவியது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தார். நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் ட்ரெட்மில் பரிசோதனை பாதியில் நிறுத்தப்பட்டது, ஆஞ்சியோகிராமில் மூன்று குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் செய்து, பேரன் பேத்தி கல்யாணம் வரை இருந்தார்.

வாய்க்கால் பாதி தூர்ந்திருந்தால் ஒரு வயலுக்குப் பாய்கிற தண்ணீர் எல்லா வயலும் கேட்கும்போது போதாது. இதயத் தசைக்கும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது போதுமான ரத்தம், ஏற்றம் ஏறும்போது போதவில்லை. சாப்பிட்ட கையோடு நடந்தால் சீக்கிரம் வரும். குளிர் காலையில் வரும், கோபத்தில் வரும்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-இல் அங்குள்ள ராயல் மருத்துவர் கல்லூரியில் வாசித்தார். நடக்கும்போது வருகிறது, மேட்டில் நடந்தால் அதிகம், நின்றதும் மறைகிறது என்று எங்கள் தெருவைப் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். அவர் காலமான பிறகு 1802-இல் வந்த குறிப்புகளில், தான் பார்த்த ஏறக்குறைய நூறு பேரில் மூன்று பேர் பெண்கள், ஒருவன் 12 வயதுப் பையன், மற்ற எல்லோரும் ஐம்பதை நெருங்கிய அல்லது தாண்டிய ஆண்கள் என்கிறார். அந்த நூறு பேரில் மற்றப் பெண்கள் ஏன் இல்லை என்பதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்கு வரவில்லையா, வந்தும் அவரிடம் போகவில்லையா?

பழைய செவிலி | ஜனவரி 10, மதியம் 2.15

மலைக்கோட்டை அண்ணன் எழுதியது: "எனக்கும் நெஞ்சில் கரிக்கும். ஜெலுசில் குடித்தால் போய்விடும். அப்படியானால் வாயுதானே?"

இல்லை அண்ணா. ஜெலுசில் குடித்தால் போவது வாயு என்பதற்குச் சாட்சி ஆகாது. மருந்தை எடுத்து, மூடி திறந்து, குடித்துவிட்டு உட்காருகிறீர்கள். அந்த ஐந்து நிமிட ஓய்விலேயே இதய வலியும் அடங்கும். இதய வலிக்குத் தரும் சார்பிட்ரேட் மாத்திரையை வைத்துப் பார்க்கிறவர்கள் கதையும் இதேதான்: நாக்கடியில் வைத்ததும் போனால் இதயம், போகாவிட்டால் இதயம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. உணவுக்குழாய் இறுக்கமும் அதில் தளரும்.

சார்பிட்ரேட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யாருக்கு நெஞ்சு வலித்தாலும் நீட்டுகிற நல்ல மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். என் சித்திக்கு வந்தது மாதிரி அடிப்பக்கத்து மாரடைப்பில் இதயத்தின் வலது அறையும் சேர்ந்து அடிபட்டிருந்தால், அந்த ஒரு மாத்திரையில் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை போட்டவர்களுக்கும் ஆபத்து. அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எது இதயமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய குத்தல், மூச்சை இழுக்கும்போது மட்டும் சுரீரென்பது, புரண்டு படுத்தால் மாறுவது, ஓரிரு நொடியில் மின்னி மறைவது. வாய்ப்புக் குறைவு என்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இதய வலியைக் காட்டச் சொன்னால் பெரும்பாலானவர்கள் விரலால் காட்டமாட்டார்கள், உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைப்பார்கள் அல்லது முஷ்டியை மடக்கி அழுத்துவார்கள். அப்புறம் இடது கை, இடது கை என்கிறார்களே, வலது கைக்கோ இரண்டு கைகளுக்குமோ பரவினாலும் அதே சந்தேகம் வர வேண்டும்.

பழைய செவிலி | ஜனவரி 10, இரவு 8.05

எண்ணெய்ச் சண்டை ஆரம்பித்துவிட்டது, கடலை எண்ணெய் கட்சி ஒரு பக்கம், செக்கு நல்லெண்ணெய்க் கட்சி ஒரு பக்கம். தனியாக ஓர் இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். இங்கே அறிகுறிகளோடு நிற்போம்.

பழைய செவிலி | ஜனவரி 11, காலை 11.30

வைகைக்கரை தம்பி எழுதியதைப் பார்த்தேன். ஈசிஜி எடுத்தார்களாம், நார்மலாம், "வாயுதான், நான் சொன்னேன்ல" என்று அம்மா சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

அவசரப்படாதீர்கள். ஈசிஜி என்பது எடுக்கிற அந்தச் சில நொடிகளின் படம். அம்மா படுத்திருந்தார், எரிச்சல் அப்போது இல்லை. அந்த நேரத்தில் நார்மலாக இருப்பதுதான் வழக்கம். என் அப்பாவின் ஈசிஜியும் நார்மல்தான், மூன்று குழாய் அடைப்போடு. மறுபடியும் போங்கள், இந்தத் தடவை இதய மருத்துவரிடம். "மாடி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் போகிறது, சர்க்கரை இத்தனை வருடம்" என்ற மூன்றையும் நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள். அம்மாவைப் பேசவிட்டால் "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா வாயு" என்றுதான் ஆரம்பிப்பார். எக்கோ, ட்ரெட்மில் அல்லது அவருக்கு எது பொருந்துமோ அதை மருத்துவர் முடிவு செய்வார்.

மாரடைப்பே நடந்துகொண்டிருக்கும்போதுகூட முதல் ஈசிஜி சில நேரம் ஒன்றும் காட்டாது. அதனால்தான் திரும்பத் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு இரண்டாவது தடவை செய்வார்கள். வலி தொடங்கிய உடனே எடுத்த ட்ரோபோனின் சரியாக இருந்தது என்று வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. "இருந்து இன்னொரு தடவை பார்க்கட்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பழைய செவிலி | ஜனவரி 11, இரவு 10.15

சர்க்கரையைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்து நரம்பு மரத்துப் போவது எல்லோருக்கும் தெரியும். இதயத்திலிருந்து வலியைச் சொல்ல வேண்டிய நரம்பும் அதே மாதிரி மங்கும். இவர்களுக்குத் திடீரென்று மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் குளிர்ந்து வியர்ப்பது, சர்க்கரை அளவு திடுமென எகிறுவது, இதுதான் மாரடைப்பின் ஒரே அறிகுறியாகவும் இருக்கலாம். வியர்த்தால் "லோ சுகர்" என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுப்போம், அது சரிதான். கருவியில் அளந்து பாருங்கள். அளவு குறையவில்லை, ஆள் மட்டும் நனைகிறார் என்றால் இதயத்தை நினையுங்கள்.

தெரியாமலே வந்துபோகும் மாரடைப்பு அபூர்வம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆய்வில், 1984-இல் வந்த கணக்குப்படி மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாமல், பிற்பாடு வழக்கமான ஈசிஜியில் வெளிப்பட்டவை.

பழைய செவிலி | ஜனவரி 13, காலை 6.40

"சரி, வந்தேவிட்டால் வீட்டில் என்ன செய்வது?" இந்தக் கேள்வியைப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

108. தொலைபேசியில் சொல்ல வேண்டியது வயது, என்ன செய்கிறது, எப்போது ஆரம்பித்தது, இடம். ஆளை உட்காரவையுங்கள் அல்லது அவருக்கு வசதியாகச் சாய்த்துவையுங்கள். நடக்கவிடாதீர்கள், மாடியில் இருந்தால் தூக்கித்தான் இறக்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லை, வயிற்றிலோ வேறெங்கோ ரத்தக் கசிவு இல்லை, முகம் கோணவோ பேச்சுக் குழறவோ இல்லை என்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். 108-இல் பேசுகிறவரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். முதுகில் கிழிப்பது போன்ற வலி திடீரென்று வந்திருந்தால் அது மகாதமனி கிழிந்ததாகவும் இருக்கலாம், அப்போது ஆஸ்பிரின் கெடுதல் செய்யும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. தமிழ்நாட்டில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு முதல் வேளை மருந்தாக 14 மாத்திரை கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்: ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாடின் 8. எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை பேர் வழியில் போகாமல் இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையம் எங்கே, யார் இருக்கிறார்கள் என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

இருமிக்கொண்டே இருந்தால் இதயம் மறுபடி துடிக்கும், மிளகாய்த்தூள் தண்ணீர் குடித்தால் அடைப்புக் கரையும், முழங்கை மடிப்பில் தட்டினால் சரியாகும் என்று வருகிற காணொளிகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நிமிடத்தைத் தின்கிறது. ஆள் மயங்கி, மூச்சே இல்லை, அல்லது விட்டு விட்டு இழுக்கிறது என்றால் அது இதயமே நின்றுவிட்ட நிலை. உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் அமுக்குங்கள். எலும்பு முறிந்தால் முறியட்டும், பிறகு பார்க்கலாம்.

பழைய செவிலி | ஜனவரி 13, இரவு 9.25

ஊதாப்பூ, உங்களுக்கு 34 வயது, குழந்தை பிறந்து ஆறு வாரம், நெஞ்சு இறுக்கமாக இருந்தது, "பதற்றம்" என்று சொன்னார்கள் என்றீர்கள். பதற்றமாகவும் இருக்கலாம், எனக்கு இங்கிருந்து தெரியாது. ஆனால் கொழுப்பு அடைப்பே இல்லாமல் இதயக் குழாயின் சுவர் தானாகக் கிழிந்து வருகிற ஒரு வகை மாரடைப்பு உண்டு. அது பெரும்பாலும் பெண்களுக்கு, அதுவும் வயது குறைந்தவர்களுக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் வரக்கூடியது. கர்ப்பத்தோடு சேர்ந்து நுரையீரலில் ரத்தம் உறைவதும் உண்டு, இதயத் தசை பலவீனமாகி மூச்சு வாங்குவதும் உண்டு. ஈசிஜி எடுக்காமல் பதற்றம் என்று யாரும் சொல்லக் கூடாது. மறுபடி வந்தால் உடனே போங்கள், பிரசவத் தேதியை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாப் பெண்களுக்கும்: கர்ப்பத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறியிருந்ததா, மாதவிடாய் நாற்பதுக்கு முன்னால் நின்றதா என்று இதய மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். இவை பிற்காலத்தில் இதய நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. பிரசவம் முடிந்ததும் அழுத்தம் இறங்கிவிட்டது என்று அந்தக் கோப்பைப் பரணில் போட்டுவிடுகிறோம்.

பழைய செவிலி | ஜனவரி 16, மாலை 5.50

பொங்கல் வேலையில் வர முடியவில்லை. ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அறிகுறி தெரியாததால்தான் தாமதம் என்பது போல எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். முழுக்க அப்படி இல்லை. இந்தியாவில் 89 மருத்துவமனைகளில் 20,937 பேரைப் பார்த்த கிரியேட் என்ற ஆய்வு 2008-இல் வந்தது. தொல்லை ஆரம்பித்து மருத்துவமனை சேர நடுத்தரமாக 360 நிமிடம் ஆகியிருந்தது. ஆறு மணி நேரம்! அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் மூன்று மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

அந்த ஆறு மணி நேரம் எங்கே போகிறது என்று வார்டில் நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆண்கள் பொதுவாக "விடியட்டும்னு இருந்தேன்" என்பார்கள். பெண்கள் சொல்வது வேறு. "அவர் ஷிஃப்ட் முடிஞ்சு வரட்டும்னு இருந்தேன்." "பிள்ளைக்குப் பரீட்சை." "கையில காசு இல்ல, யார்கிட்ட கேக்கறது." அறிகுறி அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. கிளம்ப வேறு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

காசுக் கவலை உள்ளவர்களுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆஞ்சியோபிளாஸ்டி அதில் அடங்கும். அட்டை இருக்கிறதா என்று இன்று பாருங்கள். நெஞ்சு வலிக்கும் இரவில் பீரோவைக் குடைய வேண்டாம்.

பழைய செவிலி | ஜனவரி 19, இரவு 8.30

வைகைக்கரை தம்பியின் செய்தி வந்தது. ட்ரெட்மில்லில் மூன்றாவது நிமிடமே மாற்றம் தெரிந்ததாம், ஆஞ்சியோகிராமில் முன்பக்கக் குழாயில் 90 சதவீத அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று. அம்மா நன்றாக இருக்கிறார். "ஓமத் தண்ணி குடிச்சதாலதான் இத்தன நாள் தாங்கிச்சு" என்கிறாராம். சொல்லிக்கொள்ளட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்தவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரினோடு சேர்த்துத் தரும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை, பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது நிறுத்தச் சொன்னால்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே உறையும்.

பழைய செவிலி | ஜனவரி 20, காலை 7.15

மலைக்கோட்டை அண்ணனும் போய் ஈசிஜி எடுத்துவிட்டு, அந்தத் தாளை என்ன செய்வது என்று கேட்கிறார். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த முறை நெஞ்சு அடைத்துப் போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது பழைய ஈசிஜியைத்தான். இப்போதைய மாற்றம் புதிதா, முன்பே இருந்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஈசிஜி தாள் வெயிலில் எழுத்து மங்கிப்போகும். அதனால் இன்றே கைபேசியில் படம் எடுங்கள், தேதி தெரியும்படி. சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் அதே மாதிரி எடுத்து, இரண்டையும் அண்ணி கைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். அண்ணிக்கும் ஒரு ஈசிஜி எடுத்தீர்களா, அதை நீங்கள் எழுதவே இல்லையே?